அத்தை கட்டிய சாரம்

அந்த வருஷம் எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் நேரான பதில் கிடைக்காது. அத்தை ஏன் இங்கேயே இருக்கிறாள் என்று கேட்டால், "ஆடிக்கு வந்துகீறா" என்பாள் அம்மா. ஆடி போய் ஆவணி வந்தது. பிள்ளையாரை ஏரியில் கரைத்தாயிற்று. தீபாவளிக்கு வாங்கிய பட்டாசும் தீர்ந்து போனது. அம்மாவின் கணக்கில் மட்டும் ஆடி முடியவே இல்லை. தமிழ் மாதங்களை வரிசையாக ஒப்பித்து மூன்றாம் வகுப்பில் கைதட்டல் வாங்கியவள் நான். இதில் ஏதோ கோளாறு இருப்பது எனக்குத் தெரிந்தது. கோளாறு என் படிப்பிலா, அம்மாவிடமா என்பதுதான் தெரியவில்லை.

அத்தை என்றால் நைனாவின் தங்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆரம்பாக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான், ஆந்திரா நடந்து போகிற தூரம். அத்தையை மீஞ்சூரில் கொடுத்திருந்தது. மாமாவுக்குச் சாரம் கட்டும் தொழில். ஆலைகளும் பெரிய கட்டடங்களும் எழும்பும் இடங்களில், கொத்தனார்கள் நின்று வேலை செய்வதற்குச் சவுக்குக் கழிகளால் உயரமாகக் கட்டுவார்களே, அதைத்தான் ஆட்களை வைத்துக் கட்டிக் கொடுப்பார். எனக்கு மாமாவை மிகவும் பிடிக்கும். வரும்போதெல்லாம் காராசேவு வாங்கி வருவார். என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, "பாப்பா, மெட்ராஸ் தெரியுதா?" என்பார். ஒருமுறை தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தார். அப்படிப்பட்ட மாமாவை விட்டுவிட்டு அத்தை எங்கள் வீட்டில் ஏன் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரியாத இன்னொரு விஷயம்.

அந்த ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில் எங்கள் வீட்டின் மேற்குச் சுவர் பெயர்ந்தது. ஓட்டுக் கூரையின் முக்கோணம் வரை போகிற உயரமான சுவர் அது. உச்சியில் பூச்சு உரிந்து, உள்ளே இருந்த மண் கரைந்து, செங்கற்கள் ஒவ்வொன்றாகக் கொல்லையில் விழுந்தன. கூரையின் முதுகெலும்பு மாதிரி நீளமாகப் போகும் பெரிய உத்தரத்தின் ஒரு முனை அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. இன்னொரு மழை அடித்தால் உத்தரம் இறங்கும், கூரையும் கூடவே வரும் என்று நைனா சொன்னார். அன்றிலிருந்து எங்களை அந்த அறையில் படுக்க விடவில்லை.

கொத்தனார் தேடி நைனா அலைந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி ஷெட்டுகள் முளைக்கத் தொடங்கியிருந்த காலம். கரண்டி பிடிக்கத் தெரிந்த ஆட்கள் எல்லாரும் விடிந்ததும் அங்கே போய்விடுவார்கள். "ஒரு செவுத்துக்கு எவன் வந்து சாரம் கட்டுவான்? பொங்கல் முடியட்டும், பாக்கலாம்" என்று பதில் வந்தது. பொங்கலுக்குள் இன்னொரு மழை வராது என்று எழுதிக் கொடுக்க யாரும் தயாராக இல்லை. நைனா நல்ல விவசாயி. வரப்பு கட்டச் சொன்னால் நூல் பிடித்ததுபோல் கட்டுவார். சுவர் வேலை அவருக்கு வராது. வெறுங்கையோடு வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போது அத்தை, "அண்ணா, தோப்புல கழி வெட்டினு வந்து குடு. நானே கட்டி நானே பூசிடறேன்" என்றாள்.

நைனா சொம்பைக் கீழே வைத்தார். "இன்னா, நீ கட்றியா?"

"கட்டுவேன்."

"பொம்பள சாரம் ஏறுனா ஊரு இன்னா சொல்லும்?"

"செவுரு வுழுந்தா ஊரு வந்து எடுத்துக் கட்டுமா?"

நைனா அரிவாளை எடுத்துத் தீட்டினார். மறுநாள் மாட்டு வண்டியில் சவுக்குக் கழிகள் வந்து இறங்கின.

அத்தை வேலை செய்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தேங்காய் நார்க் கயிற்றை முதல் நாளே தொட்டியில் ஊறப் போட்டாள். காய்ந்த கயிறு முரண்டு பிடிக்கும், ஊறினால் சொன்ன பேச்சைக் கேட்கும் என்றாள். சுவரை ஒட்டினாற்போல் இல்லாமல், கொஞ்சம் தள்ளி என் முழங்கால் ஆழத்துக்குக் குழிகள் எடுத்தாள். ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஒரு செங்கல்லைப் போட்டு, அதன் மேல் கழியை நிறுத்தி, கல்லும் மண்ணும் போட்டு இடித்தாள். நிற்கும் கழிகளோடு படுக்கும் கழிகளைச் சேர்த்துக் கட்டினாள். குட்டையான கழிகளின் ஒரு முனையைச் சுவரில் தோண்டிய பொந்தில் செருகி, மறுமுனையை வெளியே கட்டினாள். எல்லாவற்றுக்கும் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு நீளக் கழியைச் சாய்வாக வைத்து இறுக்கினாள். அது எதற்கு என்று கேட்டேன். "மத்தது எல்லாம் நிக்கறதுக்கு. இது ஆடாம இருக்கறதுக்கு" என்றாள். முடிச்சுப் போடும்போது ஒரு காலைக் கழிக்கு முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பாள். கழி முனகும்.

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இதெல்லாம் எங்க கத்துக்கினே?" என்று கேட்டாள்.

"அங்க" என்றாள் அத்தை.

எங்கள் வீட்டில் மீஞ்சூருக்குப் பெயர் போய்விட்டிருந்தது. 'அங்க' என்றால் மீஞ்சூர். மாமாவையும் யாரும் மாமா என்று சொல்வதில்லை, 'அவுரு'. அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போனவளுக்குக் கயிறு முறுக்கவும் கழி கட்டவும் ஏன் தெரிந்திருக்கிறது என்று அவள் யோசித்திருப்பாள். நான் யோசித்தது வேறு. மாமா எவ்வளவு நல்லவர், தன் தொழிலை அத்தைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

சாரம் உச்சி வரை எழுந்ததும் பரண் பலகைகளை மேலே ஏற்றி, அவை நழுவாதபடி கட்டினாள். அவள் ஏறி இறங்க மூங்கில் ஏணி ஒன்றைச் சாய்த்து வைத்தோம். கொல்லையில் பாத்தி மாதிரி கட்டிச் சுண்ணாம்பையும் மணலையும் குழைத்துக் காரை தயார் செய்தோம். இரும்புச் சட்டியில் நான் காரையை வாரிப் போட, அத்தை கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வாள். வேடிக்கை பார்க்க முதலில் ஊர் கூடியது. புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு அத்தை செங்கல் அடுக்குவதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், சிலர் வாயில் கை வைத்தார்கள். செங்கல் வரிசை ஒழுங்காக ஏற ஏறச் சிரிப்பு தேய்ந்துவிட்டது. பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

கல் வேலை முடிந்து மேல்பூச்சு மட்டும் பாக்கி இருந்த நாள் அது. காலையிலேயே குழப்பம் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, பண்டிகை இல்லை, அம்மா கோழி அடிக்கச் சொன்னாள். நைனா வயலுக்குப் போகாமல் முகம் மழித்துக்கொண்டு, துவைத்த வேட்டி கட்டினார். ஏன் என்று கேட்டேன். "போய் உங்க அத்தைக்குக் காரை எடுத்துக் குடு" என்றார். அத்தையிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. என்னைப் போலவே அவளுக்கும் அந்த வீட்டில் ஒன்றும் சொல்வதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

மேலே நின்றால் வயல் தாண்டி ரயில் பாதை வரை தெரியும். காலைப் பாசஞ்சர் புகை விட்டுக்கொண்டு வந்து நின்று போனது. சிறிது நேரத்தில் அத்தையின் கரண்டிச் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு" என்றாள். குரல் மெதுவாக இருந்தது. "அந்த ஏணிய எடுத்துக்கினு போய் மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால வெச்சிடு."

"நீ எப்டி அத்தை எறங்குவ?"

"சொன்னத செய்."

நான் ஏணியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தபோது, வயல் வரப்பில் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். மாமாவும், மாமாவின் அண்ணனும். மாமா கையில் பொட்டலம் இருந்தது. நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டுதான் எங்கள் கொல்லைக்குள் நுழைந்தார்.

நுழைந்ததும் சாரத்தைப் பார்த்து நின்றுவிட்டார். என்னை இறக்கிவிட்டு அதைச் சுற்றி வந்தார். ஒரு கழியைக் கையால் பிடித்து உலுக்கினார். முடிச்சுகளில் விரலை நுழைக்கப் பார்த்தார், நுழையவில்லை.

"யாரு கட்டுனது மச்சான் இது?"

நைனாவுக்குப் பெருமையை மறைக்கத் தெரியாது. "உங்க ஊட்டுக்காரிதான் மாப்ள. ஒண்டியா கட்னா."

மாமா சிரித்தார். தலையை அண்ணாந்து, "பரவால்லயே! எறங்கி வா. மத்தியான ட்ரெயின புடிக்கணும்" என்றார், ஏதோ சந்தைக்கு வந்தவளைக் கூப்பிடுவது போல.

அத்தை திரும்பாமல் பூசிக்கொண்டிருந்தாள். கரண்டி சுவரில் உரசும் சத்தம் மட்டும் வந்தது.

"ஏம்மா, மாப்ள வந்துகீறாரு" என்றார் நைனா.

"பாத்தேண்ணா."

"எறங்கு. பேசி முடிச்சிக்கலாம்."

"நீதான கூப்ட்டு அனுப்சினே? நீயே பேசு. எனுக்குப் பூச்சு காயறதுக்குள்ள முடிக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "காரைல தண்ணி பத்தல. கொஞ்சம் ஊத்திக் கொழச்சி அனுப்பு" என்றாள்.

நைனா தரையைப் பார்த்தார். மாமாவின் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பெண் பிள்ளைகளுக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்பதைப் பல விதமாகச் சொன்னார். நான் சட்டியை நிரப்பிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். யார் பக்கம் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வா என்று சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அத்தைதான்.

மத்தியானம் வந்தவர்களுக்கு இலை போட்டார்கள். கோழிக் குழம்பு மணத்தது. அத்தை இறங்கவில்லை. அம்மா ஒரு தூக்குவாளியில் மோர் ஊற்றிக் கயிற்றில் கட்டினாள். அத்தை மேலே இழுத்துக்கொண்டாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெயில் அதிகம் என்று நினைத்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த மாமா முன்போல் சிரிக்கவில்லை. ஏணியைத் தேடினார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஏணி இன்னாத்துக்கு எனுக்கு?" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, "நான் போய் இட்டாறேன்" என்று கழியைப் பிடித்து ஏறத் தொடங்கினார். சாரத்தில் ஏறுவது அவருக்குப் படிக்கட்டு ஏறுகிற மாதிரி. குறுக்குக் கழியில் ஒரு கால், முடிச்சில் ஒரு கால் என்று சத்தமே இல்லாமல் போனார். பார்க்க அழகாக இருந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். மேலே அத்தை நின்ற பலகை ஆடியது. லேசாக இல்லை. பலகையின் மேல் இருந்த இரும்புச் சட்டி கடகடவென்று அடித்துக்கொண்டது. அதன் விளிம்பிலிருந்து காரை சிந்தி என் தலையில் விழுந்தது. சாரம் அவிழ்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மாமா இன்னும் ஒரு எட்டு வைத்தால் எல்லாம் சரிந்து, அத்தையும் மாமாவும் என் மேல் விழப்போகிறார்கள். அருகில் இருந்த கழியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"மாமா! கயிறு அவுருது! கயிறு அவுருது!"

அந்தத் தொழிலில் இருப்பவர்கள் கீழேயிருந்து இப்படி ஒரு சத்தம் வந்தால் முதலில் இறங்குவார்கள், அப்புறம்தான் ஏன் என்று கேட்பார்கள். மாமாவின் முகம் வெளுத்தது. பாதி உயரத்திலிருந்து அப்படியே குதித்தார். குதித்த இடத்தில் நாங்கள் குழைத்து வைத்திருந்த காரை இருந்தது. முழங்கால் வரை சுண்ணாம்பில் இறங்கி, நிலைதடுமாறிக் கையையும் ஊன்றினார். துவைத்த வேட்டி, சட்டை, மீசை எல்லாம் வெள்ளை.

மேலே நிமிர்ந்து பார்த்தார். சாரம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஒரு கயிறும் அவிழவில்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எனக்கு அதற்கு முன் தெரியாது. என்னைத் தோளில் தூக்கிய அதே மாமாதானா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. காரையிலிருந்து காலை உருவிக்கொண்டு இரண்டே எட்டில் என்னிடம் வந்து கையை ஓங்கினார். அவசரத்தில் ஓங்கிய கை மாதிரி இல்லை. பழகின கை.

"அண்ணா! பொண்ண இட்டுக்கோ!" என்று மேலேயிருந்து அத்தை அலறினாள். அன்று முழுவதும் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது எனக்கும் மாமாவுக்கும் நடுவில் நைனாவின் முதுகு இருந்தது. மாமாவின் மணிக்கட்டை நைனா பிடித்துக்கொண்டிருந்தார். ஏர் பிடிக்கிற கை.

"மாப்ள" என்றார். பிடியை விடாமலே, "கெணத்துல தண்ணி கீது. கழுவிக்கினு கெளம்புங்க. ட்ரெயினுக்கு நேரமாவுது" என்றார்.

மாமாவின் அண்ணன் ஏதேதோ கத்தினார். இனி அவளுக்கு அங்கே இடமில்லை என்றார், ஊரைக் கூட்டுவேன் என்றார். நைனா வாசல் வரை அவர்கள் பின்னாலேயே நடந்தார். வழியனுப்புகிறாரா, துரத்துகிறாரா என்று பார்ப்பவர்களால் சொல்ல முடியாது. காராசேவுப் பொட்டலத்தை அம்மா எடுத்து வைப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைக் கொண்டுபோய்க் கோழிகளுக்குக் கொட்டிவிட்டாள். கோழிகள் காராசேவு தின்னும் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

எனக்கு அழுகை வந்தது. வந்த விருந்தாளிகளை நான் கத்தித் துரத்திவிட்டேன். இனி மாமா என்னைத் தோளில் வைத்துக்கொள்ள மாட்டார். பொய் சொன்னதற்கு நைனா அடிப்பார். நான் பொய்யும் சொல்லவில்லை, பலகை ஆடியதை என் கண்ணால் பார்த்தேன். அம்மாவிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா என் தலையில் காய்ந்துகொண்டிருந்த காரையைத் தேய்த்துக் கழுவியபடி, "ஆமாண்டி, ஆமாண்டி" என்றாள். பிறகு என்னைச் சாரத்தின் பக்கம் அழைத்துப் போய் ஒரு முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். கல் மாதிரி இருந்தது. அடுத்ததும் அப்படியே. சாய்வுக் கழியைப் பிடித்து இரண்டு பேரும் சேர்ந்து உலுக்கினோம். அசையவில்லை.

"அப்போ எதும்மா ஆடுச்சி?" என்று கேட்டேன்.

வழக்கம்போல் எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை.

அத்தை அதன் பிறகு மீஞ்சூருக்குப் போகவே இல்லை. பஞ்சாயத்து நடந்தது, இரண்டு முறை ஆள் வந்தது, நைனா அசையவில்லை. அந்த மேற்குச் சுவர் நன்றாக நின்றதைப் பார்த்து, கொத்தனார் கிடைக்காத ஊரில் அத்தையைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் மாட்டுக் கொட்டகை, பிறகு பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர், அப்புறம் வீடுகள். நான் கல்யாணமாகி வேப்பம்பட்டில் குடியேறியபோது எங்கள் வீட்டு மாடியையும் அவள்தான் நின்று பூசினாள். சாரத்தில் அவள் கால் ஒருநாளும் தடுமாறியதில்லை. காற்றடித்தாலும் வெறும் கழியின் மேல் நின்று வெற்றிலை போடுவாள்.

மாமா வந்து போன அன்று சாயங்காலம் நைனா ஸ்டேஷன் பக்கம் போய்த் திரும்பினார். அவர்கள் ரயில் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்திருப்பார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஏணியை எடுத்து வந்து சாரத்தில் சாய்த்தார். அத்தை இறங்கட்டும் என்று வைக்கிறார் என்று நினைத்தேன். அவரே ஏறினார். அத்தை பலகையின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நைனா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கீழே கேட்கவில்லை. பேசினார்களா என்றே தெரியவில்லை. ஒருமுறை நைனா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அத்தை அவர் முதுகில் கை வைத்தாள்.

நான் கழியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். நைனா நல்ல கனம். ஆடத் தொடங்கினால் உடனே கத்திவிட வேண்டும் என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பலகை அசையவில்லை. சட்டியும் சத்தமில்லாமல் இருந்தது. இருட்டி, அம்மா உள்ளேயிருந்து கூப்பிடும் வரை பார்த்தேன். அத்தை ஒருத்தி நின்றபோது அப்படி ஆடிய பலகை, இரண்டு பேர் உட்கார்ந்த பிறகு ஏன் ஆடவில்லை என்று அன்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.